ஜப்பானிய டிராமா, நாவல், மங்கா: ஆங்கிலப் பதிப்புகளை முதன்முறை வாங்குவோருக்கு

ஜப்பானில் ஒரே கதை மூன்று நான்கு உருவங்களில் உலவுவது சாதாரணம். இணையத்தில் தொடர்கதையாகத் தொடங்கும், இளையோருக்கான, படங்கள் கொண்ட எளிய நாவலான லைட் நாவலாக அச்சேறும், ஜப்பானியப் படக்கதையான மங்காவாக வரையப்படும், பிறகு அசைபடமான அனிமேவாகவோ நடிகர்கள் நடிக்கும் டிராமாவாகவோ திரைக்கு வரும். இவற்றில் சில மட்டுமே ஆங்கிலத்துக்கு வருகின்றன. அப்படி வருபவையும் ஒரே பதிப்பகத்திலிருந்து, ஒரே வேகத்தில், ஜப்பானிய எண் வரிசையிலேயே வரும் என்று சொல்ல முடியாது. புதியவர்களின் பணம் வீணாவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான். மங்கா என்று நினைத்து நாவலை வாங்கிவிடுவார்கள். ஒரு பதிப்பின் நான்காம் தொகுதிக்குப் பிறகு வேறொரு பதிப்பின் ஐந்தாம் தொகுதியை வாங்கி, நடுவில் இரண்டு அத்தியாயங்களைத் தொலைப்பார்கள்.

வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். கதையின் மூலம் எந்த உருவம்? ஆங்கிலத்தில் எதுவரை வந்திருக்கிறது? கையில் எடுக்கும் புத்தகம் எந்தப் பதிப்பு? இந்த வழிகாட்டி அதே வரிசையில் செல்கிறது.

முதலில் மூலத்தைக் கண்டுபிடியுங்கள்

திரையில் பார்த்த கதையின் ஆங்கிலப் பெயரை விக்கிப்பீடியாவிலோ அனிமே நியூஸ் நெட்வொர்க் தளத்தின் கலைக்களஞ்சியத்திலோ தேடுங்கள். முதல் பத்தியிலேயே அது நாவலிலிருந்து வந்ததா, மங்காவிலிருந்து வந்ததா என்று இருக்கும். எழுத்தாளர் பெயர், ஓவியர் பெயர், ஜப்பானியப் பதிப்பகம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்கள். ஆங்கிலப் பதிப்புகள் பெரும்பாலும் அதைத் திருப்பிப் போடும். ஹிகாஷினோ கெய்கோவும் கெய்கோ ஹிகாஷினோவும் ஒருவரே. தேடும்போது இரண்டு வகையிலும் தேடிப் பாருங்கள்.

இந்தப் படி ஏன் தேவை என்பதற்கு ‘தி அபோதெக்கரி டைரீஸ்’ நல்ல உதாரணம். ஹியூகா நாட்சு அதை முதலில் இணையத்தில் எழுதினார், பிறகு அது லைட் நாவலாக வந்தது. அதிலிருந்து ஜப்பானில் இரண்டு தனித்தனி மங்காக்கள் வந்திருக்கின்றன: ஒன்று ஸ்கொயர் எனிக்ஸின் இதழில், நெகோகுராகேயின் ஓவியத்தில். மற்றொன்று ஷோகாகுகானின் இதழில், குராட்டா மினோஜியின் ஓவியத்தில். ஸ்கொயர் எனிக்ஸ் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது நெகோகுராகே வரைந்ததை. நாவலை ஜே-நாவல் கிளப் முதலில் மின்னூலாகவும், பின்னர் ஸ்கொயர் எனிக்ஸ் அச்சிலும் வெளியிட்டன. இணையக் கடையில் இந்தப் பெயரைத் தட்டினால் நாவல் 3, மங்கா 3 இரண்டும் அடுத்தடுத்து நிற்கும், அட்டையிலும் அதே பெண்தான் இருப்பாள். தலைப்புக்குப் பக்கத்தில் ‘லைட் நாவல்’ என்றோ ‘மங்கா’ என்றோ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடவில்லை என்றால் ஓவியரின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். மங்காவில் கதை, ஓவியம் என இரண்டு பெயர்கள் சமமாக இருக்கும். நாவலில் ஓவியரைப் படங்களுக்கு மட்டும் குறிப்பிட்டிருப்பார்கள்.

இன்னொரு வகைக் குழப்பம் நாடு மாறும்போது வரும். யோகோ காமியோவின் ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ 1992-இல் ஜப்பானிய ‘மார்கரெட்’ இதழில் தொடங்கிய மங்கா. அதிலிருந்து தைவானில் 2001-இலும், ஜப்பானில் 2005-இலும், கொரியாவில் 2009-இலும், சீனாவில் 2018-இலும் தொடர்கள் வந்தன. கொரியத் தொடரின் நாயகி கும் ஜான்-டி, மங்காவில் மகினோ ட்சுகுஷி. விஸ் மீடியா அதை ஆங்கிலத்தில் 36 தொகுதிகளாகக் கொண்டுவந்தது, பின்கதைகளுக்கு ஒரு தனிப் புத்தகமும் உண்டு. கொரியத் தொடரின் கடைசிக் காட்சியிலிருந்து மங்காவைத் தொடர முடியாது. ஒவ்வொரு நாட்டுத் தொடரும் நடுப்பகுதியைத் தன் விருப்பப்படி வெட்டி ஒட்டியிருக்கிறது. எந்த நாட்டுத் தொடரைப் பார்த்திருந்தாலும் மங்காவை முதல் தொகுதியிலிருந்து தொடங்குவதுதான் சரி.

துப்பறியும் கதை ரசிகர்களுக்கு ஹிகாஷினோவின் கலிலியோ வரிசை. ஃபுஜி டிவியின் 2007 தொடர் வரிசையின் முதல் இரண்டு நூல்களை அடிப்படையாகக் கொண்டது. அவை இரண்டும் சிறுகதைத் தொகுப்புகள். ஆங்கிலமோ மூன்றாவது நூலான ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ நாவலில்தான், 2011-இல், தொடங்கியது. ஆகவே அந்தத் தொடரின் வாரக் கதைகளை ஆங்கில நாவலில் தேடினால் கிடைக்காது. அந்த நாவல்தான் 2008-இல் திரைப்படமாக வந்தது. தொடரில் நாயகன் பேராசிரியர் யுகாவாவோடு வரும் பெண் அதிகாரி உட்சுமி அந்த நாவலில் இல்லை. அங்கே துப்பறிவது குசானாகி என்ற போலீஸ் அதிகாரி. உட்சுமி அடுத்து ஆங்கிலத்தில் வந்த ‘சால்வேஷன் ஆஃப் எ செய்ன்ட்’ நாவலில் வருகிறார். இது தெரிந்தால் தவறான புத்தகத்தை வாங்கிவிட்டோமோ என்ற சந்தேகம் வராது. ஆங்கிலத்தில் வந்த கலிலியோ நாவல்கள் தமக்குள் ஜப்பானிய வரிசையையே பின்பற்றுவதால், வெளிவந்த ஆண்டு வரிசையில் படித்தால் போதும்.

ஆங்கிலத்தில் எதுவரை வந்திருக்கிறது

மூலம் தெரிந்ததும் இரண்டு எண்களைத் தேடுங்கள்: ஜப்பானில் மொத்தம் எத்தனை தொகுதிகள், ஆங்கிலத்தில் இதுவரை எத்தனை. விக்கிப்பீடியாவின் தொகுதிப் பட்டியலில் இரண்டு தேதிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மங்காஅப்டேட்ஸ் தளத்திலும் தொடர் முடிந்ததா, உரிமம் யாரிடம், எத்தனை தொகுதி என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் பார்க்கலாம். கடைசியாகப் பதிப்பகத்தின் சொந்தத் தளத்தில் அடுத்த தொகுதிக்குத் தேதி போட்டிருக்கிறார்களா என்று சரிபாருங்கள். முந்தைய தொகுதி வந்து ஒன்றரை ஆண்டு கடந்தும், ஜப்பானில் அடுத்த தொகுதிகள் வந்தும், ஆங்கிலத்தில் அடுத்த தேதி இல்லையென்றால் அந்தத் தொடரை மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம்.

ஏனென்றால் ஆங்கில வெளியீடு நடுவில் நிற்பது புதிதல்ல. ‘யோட்சுபா’ மங்காவை முதலில் எடுத்த ஏடிவி நிறுவனம் ஐந்து தொகுதிகளோடு நிறுத்தியது. 2009-இல் யென் பிரஸ் உரிமத்தை வாங்கி, முதலிலிருந்து புதிதாக மொழிபெயர்த்து வெளியிட்டது. டோக்கியோபாப் என்ற ஆங்கிலப் பதிப்பகத்திடம் இருந்த உரிமங்களை 2009-இல் ஜப்பானியப் பதிப்பகமான கோடான்ஷா புதுப்பிக்கவில்லை. 2011-இல் டோக்கியோபாப் தன் அமெரிக்கப் பதிப்பு வேலையையே மூடியது. பல தொடர்கள் பாதியில் நின்றன. சில வேறு பதிப்பகத்திடம் மறுபிறவி எடுத்தன: டோக்கியோபாப் 23 தொகுதிகளாக வெளியிட்ட ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’, பின்னர் யென் பிரஸ்ஸிடமிருந்து 12 பெரிய புத்தகங்களாக வந்தது. பழைய புத்தகக் கடையில் டோக்கியோபாப் முத்திரையோடு மலிவாக ஒரு தொகுதி கிடைத்தால், மீதித் தொகுதிகள் அதே பதிப்பில் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆசிரியரே நிறுத்திய தொடர்களும் உண்டு. ‘நானா’ 21 தொகுதிகளோடு 2009 முதல் நிற்கிறது. ‘வாகபாண்ட்’ 37 தொகுதிகளோடு 2015 முதல் நிற்கிறது. இரண்டும் படிக்க வேண்டியவை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முடிவு இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

பதிப்பும் எண் கணக்கும்

அதிகத் தவறு நடக்கும் இடம் இதுதான். கொஞ்சம் நின்று படியுங்கள்.

ஜப்பானில் வாராந்தர இதழில் வரும் மங்காவின் ஓர் அத்தியாயம் ஏறக்குறைய 19 பக்கம். ஒன்பது பத்து அத்தியாயங்கள் சேர்ந்தால் சுமார் 190 பக்கத்தில் ஒரு தொகுதி, ஜப்பானியர் சொல்லும் தான்கோபோன். மாத இதழ்களில் அத்தியாயங்கள் நீளம் என்பதால் நான்கைந்து அத்தியாயங்களிலேயே தொகுதி நிறைந்துவிடும். ஆங்கிலத்தின் சாதாரண மெல்லட்டைப் பதிப்பு பெரும்பாலும் இந்தத் தான்கோபோனையே அப்படியே பின்பற்றும். ஐந்து அங்குல அகலம், ஏழரை அங்குல உயரம். பிரச்சினை தொடங்குவது அதற்கு மேல் வரும் பதிப்புகளில்.

ஒன்று, இரண்டு மூன்று தொகுதிகளை ஒரே புத்தகமாகச் சேர்ப்பது. ‘ஆலிஸ் இன் பார்டர்லேண்ட்’ ஜப்பானில் 18 தொகுதிகள். விஸ் இரண்டிரண்டாகச் சேர்த்து 9 புத்தகங்களாக்கியது. இங்கே கணக்கு எளிது: ஜப்பானியத் தொகுதி எண்ணை இரண்டால் வகுத்து, மிச்சம் வந்தால் ஒன்று கூட்டுங்கள். 13-ஆம் தொகுதி ஏழாம் புத்தகத்தில் இருக்கும். 3-இன்-1 என்று அச்சிட்டவற்றுக்கு மூன்றால் வகுக்க வேண்டும்.

இரண்டு, தலைப்பை உடைப்பது. ‘டிராகன் பால்’ ஜப்பானில் 42 தொகுதிகள், ஒரே தலைப்பு. ஆங்கிலத் தனித்தொகுதிகளில் முதல் 16 ‘டிராகன் பால்’, அடுத்த 26 ‘டிராகன் பால் இசட்’ 1 முதல் 26 வரை. ஆனால் 3-இன்-1 பதிப்பில் மறுபடி ஒரே தலைப்பின் கீழ் 14 புத்தகங்கள். ஜப்பானிய 17-ஆம் தொகுதி, தனிப்பதிப்பில் ‘இசட் 1’, 3-இன்-1 பதிப்பில் ஆறாம் புத்தகம். இது தெரியாமல் ‘டிராகன் பால் 17’ என்ற தனித்தொகுதியைத் தேடுபவர்கள் நிறைய.

மூன்று, பாகந்தோறும் ஒன்றிலிருந்து எண்ணுவது. ‘ஜோஜோஸ் பிசார் அட்வெஞ்சர்’ ஆங்கிலத்தில் முதல் பாகம் 3 புத்தகம், இரண்டாம் பாகம் 4, மூன்றாம் பாகம் 10, நான்காம் பாகம் 9. ஒவ்வொன்றும் 1-இல் தொடங்கும். லைட் நாவலில் ‘அசென்டன்ஸ் ஆஃப் எ புக்வேர்ம்’ ஐந்து பாகங்களில் 33 தொகுதிகள்: 3, 4, 5, 9, 12. ‘தொகுதி 2’ என்ற பெயரில் ஐந்து வெவ்வேறு புத்தகங்கள் இருக்கின்றன. பாக எண்ணைப் பார்க்காமல் தொகுதி எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

நான்கு, அத்தியாயங்களையே வேறு விதமாகப் பிரிப்பது. இங்கே வகுத்தல் கணக்கு உதவாது. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ மூலத்தில் 27 தொகுதிகள். 3-இன்-1 பதிப்பு 9 புத்தகங்கள், இது சுத்தமான வகுத்தல். கெட்டி அட்டையில் வந்த ஃபுல்மெட்டல் எடிஷன் 18 புத்தகங்கள், அதில் அத்தியாயங்களை மறுபடி பிரித்திருக்கிறார்கள். ‘செய்லர் மூன்’ கோடான்ஷாவிடமிருந்து 2011-இல் தொடங்கிய பதிப்பில் 12 தொகுதிகள், பிறகு வந்த பெரிய அளவிலான எட்டர்னல் எடிஷனில் 10. ஒன்றின் நான்காம் தொகுதியும் மற்றதன் நான்காம் தொகுதியும் ஒரே இடத்தில் முடிவதில்லை. பதிப்பு மாறியே ஆக வேண்டிய நிலை வந்தால், கடைசியாகப் படித்த அத்தியாயத்தின் எண்ணையும் தலைப்பையும் எழுதிக்கொண்டு, புதிய பதிப்பின் பொருளடக்கத்தில் அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு அடுத்த அத்தியாயத்திலிருந்து தொடருங்கள்.

எந்தப் பதிப்பைத் தேர்வது? சேர்ப்புப் பதிப்பில் பக்கத்துக்கு ஆகும் செலவு குறைவு. ஆனால் 550, 600 பக்க மெல்லட்டைப் புத்தகத்தின் முதுகை முழுவதுமாக விரித்தால் மடிப்பு விழும், இரண்டு பக்கத்துக்கும் விரியும் ஓவியம் நடுத்தையலில் புதையும். போர்க்காட்சி நிறைந்த, ஓவியத்துக்காகவே படிக்கப்படும் தொடர்களுக்கு இது பெரிய இழப்பு. ‘பெர்செர்க்’ மங்காவுக்கு டார்க் ஹார்ஸின் டீலக்ஸ் எடிஷன், மூன்று தொகுதிகளை ஏழுக்குப் பத்து அங்குலக் கெட்டி அட்டைப் புத்தகமாகத் தருகிறது. காசு இருந்தால் அதையே வாங்குங்கள். சின்ன அளவில் அந்தக் கோடுகள் மூச்சுத் திணறுகின்றன. வசனமே முக்கியமான ‘டெத் நோட்’ போன்றவற்றுக்குச் சாதாரணப் பதிப்பே போதும்.

முடிவு செய்த பதிப்பின் ஐஎஸ்பிஎன் எண்ணை, அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக உள்ள புத்தக எண்ணை, குறித்து, அந்த எண்ணைக் கொண்டே தேடுங்கள். கடைகள் காட்டும் அட்டைப்படம் பல சமயம் வேறு பதிப்பினுடையதாக இருக்கும். எண் மட்டும் பொய் சொல்லாது.

வாங்குமுன் சட்டப்படி சுவைத்துப் பாருங்கள்

ஜப்பானியப் பதிப்பகமான ஷுயெய்ஷா 2019 ஜனவரியில் தொடங்கிய மங்கா பிளஸ் செயலி ஜப்பான், சீனா, கொரியா தவிர்த்து உலகெங்கும் கிடைக்கிறது. பெரும்பாலான தொடர்களின் முதல் மூன்று அத்தியாயங்களும் கடைசி மூன்று அத்தியாயங்களும் அதில் இலவசம். ஒரு தொடர் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள முதல் மூன்றே போதும். விஸ்ஸின் ஷோனென் ஜம்ப் சந்தா இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் கிடைக்கும். பழைய தொடர்களின் முழுக் கிடங்கும் திறக்கும், ஒரு நாளைக்கு 100 அத்தியாயம் வரை படிக்கலாம். அச்சுத் தொகுதி ஒன்றின் விலையில் பல மாதம் படிக்க முடியும் என்பதால், நீண்ட தொடருக்கு இதுவே சிக்கனமான வழி. உங்கள் நாட்டில் இது திறக்கவில்லை என்றால் மங்கா பிளஸ்ஸிலேயே கட்டணச் சந்தா உண்டு.

வாராந்தர ஜம்ப் இதழின் புதிய அத்தியாயங்கள் ஜப்பானில் திங்கள் பிறக்கும் நள்ளிரவில் ஆங்கிலத்திலும் வெளியாகும். இந்திய நேரப்படி அது ஞாயிறு இரவு 8.30 மணி. புத்தாண்டு, மே மாதத் தொடக்கம், ஆகஸ்ட் நடுப்பகுதி ஆகிய சமயங்களில் இதழுக்கு விடுமுறை விழும். அந்த வாரம் அத்தியாயம் வராவிட்டால் தொடர் நின்றுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

ஞாயிறுக்கு முன்பே இணையத்தில் கசியும் திருட்டு ஸ்கேன்களை விட்டு விலகியிருங்கள். அவசரத்தில் செய்த மொழிபெயர்ப்பில் பேசுபவரே மாறிப்போவதுண்டு. உரிமம் வேறு பதிப்பகத்துக்குப் போனதும் அந்தப் பக்கங்கள் நடுவில் காணாமல் போகும். இதைவிட முக்கியம், அடுத்த தொகுதியை அச்சிடலாமா என்று பதிப்பகம் முடிவு செய்வது விற்பனையை வைத்துத்தான்.

லைட் நாவலுக்கு ஜே-நாவல் கிளப் வேறு ஏற்பாடு வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பு நடக்க நடக்க ஒரு தொகுதியைப் பகுதி பகுதியாகச் சந்தாதாரர்களுக்குத் தருகிறார்கள். முழுத் தொகுதி வெளியானதும் அந்தப் பகுதிகள் எடுக்கப்பட்டுவிடும். படித்து முடிக்காமல் தள்ளிப் போட்டால் இழப்பீர்கள்.

மின்னூலை வாங்கும்போது திரையின் அளவைக் கவனியுங்கள். நாவலுக்கு ஆறு அங்குலத் திரை தாராளம். மங்காவுக்கு அது போதாது, சிறிய எழுத்துகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கியே களைத்துவிடுவீர்கள். எட்டு அங்குலத்துக்குக் கீழே இறங்காதீர்கள்.

பக்கத்தைப் படிக்கும் முறை

புத்தகத்தின் முதுகு உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். திறந்ததும் எச்சரிக்கைப் பக்கம் ஒன்று தெரிந்தால், கடைசிப் பக்கத்தைத் திறந்துவிட்டீர்கள் என்று பொருள். கட்டங்களை வலமிருந்து இடமாக, பிறகு மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். ஒரே கட்டத்துக்குள் இருக்கும் பேச்சு பலூன்களுக்கும் அதே விதி.

சிக்கல் வருவது உயரமான கட்டங்களில். வலப்பக்கம் ஒரு நெட்டைக் கட்டமும் இடப்பக்கம் இரண்டு சின்னக் கட்டங்களும் இருந்தால் நெட்டையை முதலில் படித்துவிட்டு, இடப்பக்கத்தை மேலிருந்து கீழாகப் படியுங்கள். சின்னவை வலப்பக்கம் இருந்தால் அவை இரண்டையும் முடித்த பிறகே இடப்பக்க நெட்டை. ஐயம் வந்தால் கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியைப் பாருங்கள். ஒரே வரிசைக் கட்டங்களுக்கு நடுவில் குறுகலாகவும், வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் அகலமாகவும் விடுவது மங்கா ஓவியர்களின் வழக்கம். அகலமான இடைவெளியைத் தாண்டுமுன் அந்த வரிசையை முடியுங்கள். இடைவெளி கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் அது கடந்தகாலக் காட்சி.

பழைய ஆங்கிலப் பதிப்புகள் சில இதற்கு நேர்மாறானவை. 2002 வாக்கில் டோக்கியோபாப் வலமிருந்து இடம் என்ற மூல வடிவத்தையே பரவலாக்கும்வரை, படங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி அச்சிடுவதே வழக்கமாக இருந்தது. அதனால் வலக்கை வாள்வீரன் இடக்கைக்காரன் ஆவான். ‘அகிரா’வின் பழைய ஆறு தொகுதிப் பதிப்பு இப்படித் திருப்பப்பட்டது. 2017-இல் வந்த 35-ஆம் ஆண்டுப் பெட்டித் தொகுப்பு மூலத்தின் திசையில் இருக்கிறது. பழைய புத்தகம் வாங்கும்போது ஒரு பக்கத்தின் படத்தைக் கேட்டுப் பெற்று, முதல் வசனம் எந்த மூலையில் தொடங்குகிறது என்று பார்த்துவிடுங்கள்.

பெயர்கள் திரையிலும் அச்சிலும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ‘ஒன் பீஸ்’ அனிமேயின் ஸோரோ, விஸ் அச்சில் ஸோலோ. ‘டிடெக்டிவ் கோனன்’ ஆங்கிலத்தில் ‘கேஸ் க்ளோஸ்டு’, அதன் நாயகன் குடோ ஷினிச்சி அங்கே ஜிம்மி குடோ. ஆள் அவரேதான், தொடர்ந்து படியுங்கள்.

டிராமா பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும். ஒரு தொடருக்கு ஒன்பது முதல் பதினொரு வாரம். அதற்குள் முப்பது தொகுதி மங்காவை அடக்க முடியாது. அதனால் பெரிய தொடர்கள் சிறப்பு அத்தியாயத்திலோ திரைப்படத்திலோ முடிகின்றன. பத்தாவது வாரம் கதை அந்தரத்தில் நின்றால், அதே பெயரில் படம் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன ஜப்பானிய ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ 2005, 2007 தொடர்களுக்குப் பின் 2008 படத்தில்தான் நிறைவடைகிறது.

ஆங்கில வசனவரியில் இரண்டு வகை உண்டு. சாதாரண ஆங்கில வரி, ஜப்பானிய வசனத்தின் மொழிபெயர்ப்பு. செவித்திறன் குறைந்தோருக்கான வரி பல தொடர்களில் ஆங்கிலக் குரல்பதிவைப் பின்பற்றி எழுதப்பட்டது. ஜப்பானிய ஒலியைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வாய் நின்ற பிறகும் வரி ஓடும், பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் வரியில் பெயரே இருக்காது. மொழிபெயர்ப்பு மோசம் என்று கைவிடுமுன் வசனவரியின் வகையை மாற்றிப் பாருங்கள்.

டிராமாவின் உரிமம் நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்காவில் கிடைக்கிறது என்பதால் இங்கே கிடைக்கும் என்றில்லை. காலக்கெடு முடிந்ததும் தொடர் தளத்திலிருந்து எடுக்கப்படும். புத்தகத்தைப் போலத் தள்ளிவைக்காமல், கிடைக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

போலி அச்சும் வயதுக் குறியீடும்

நடைபாதைக் கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் போலி மங்கா ஏராளமாக ஓடுகிறது. முழுத் தொகுப்பையும் நம்ப முடியாத மலிவு விலைக்குத் தருகிறேன் என்றால் அது போலிதான். கையில் எடுத்தால் தெரியும் அடையாளங்கள்: அடர்கறுப்பு இருக்க வேண்டிய இடம் சாம்பலாக இருக்கும். ஸ்கிரீன்டோன் என்னும் புள்ளிச் சாயல் அலையலையாக நெளியும். இதற்குக் காரணம், அச்சடித்த பக்கத்தையே ஸ்கேன் செய்து மறுபடி அச்சடிப்பது. ஓரம் வெட்டப்பட்டு பலூனின் விளிம்பு பக்கத்துக்கு வெளியே போயிருக்கும். அலமாரியில் அடுக்கினால் முதுகுப் பெயர்கள் ஒரே உயரத்தில் நிற்காது. பழுப்பு நிறத் தாளைப் பார்த்து மட்டும் போலி என்று முடிவு செய்யாதீர்கள். விஸ்ஸின் அசல் மெல்லட்டைப் பதிப்புகளே செய்தித்தாள் வகைத் தாளில்தான் வருகின்றன. பளிச்சென்ற வெள்ளைத் தாள்தான் பல சமயம் சந்தேகத்துக்குரியது.

விஸ் புத்தகங்கள் இந்தியாவில் சைமன் அண்ட் ஷுஸ்டர் வழியாகவும், கோடான்ஷா புத்தகங்கள் பெங்குவின் ராண்டம் ஹவுஸ் வழியாகவும், யென் பிரஸ் ஹாஷெட் வழியாகவும் வருகின்றன. ஒரு தொகுதி எங்கும் இருப்பில் இல்லை என்றால் இரு மடங்கு விலை கொடுக்க அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் அது மறுஅச்சுக்குக் காத்திருக்கிறது. நல்ல புத்தகக் கடையில் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்தால் வரவழைத்துத் தருவார்கள்.

பிள்ளைகளுக்கு வாங்குபவர்கள் பின்னட்டைக் குறியீட்டைப் பாருங்கள். விஸ்ஸில் ஏ என்றால் எல்லா வயதினருக்கும், டி பதின்வயதினருக்கும், டி பிளஸ் சற்று மூத்த பதின்வயதினருக்கும், எம் வயது வந்தோருக்கும். ஷோனென் (சிறுவர்), ஷோஜோ (சிறுமியர்), செய்னென் (வயது வந்த ஆண்கள்) என்பவை இதழ் எந்த வாசகரை நோக்கியது என்பதைக் காட்டும் பிரிவுகள், உள்ளடக்கத்தின் கடுமையைக் காட்டுபவை அல்ல. ‘வின்லாண்ட் சாகா’ சிறுவர் இதழில் தொடங்கி, 2005-இல் பெரியவர்களுக்கான மாத இதழுக்கு மாறிய கதை. படங்கள் இருப்பதாலேயே குழந்தைகளுக்கானது என்று நினைத்து எதையும் வாங்கிவிட வேண்டாம்.

எதிலிருந்து தொடங்கலாம்

முதல் தொடராக நூறு தொகுதியைத் தாண்டிய ‘ஒன் பீஸ்’ போன்றவற்றை அச்சில் எடுக்க வேண்டாம், அதைச் சந்தாவில் படியுங்கள். முடிந்துபோன, சிறிய, ஆங்கிலத்தில் முழுமையாக வந்த ஒன்றை அச்சில் வாங்குங்கள். திகில் பிடித்தால் ‘உசுமாகி’, மூன்று தொகுதியும் ஒரே கெட்டி அட்டைப் புத்தகத்தில். பள்ளி, கொடுமைப்படுத்தல், மன்னிப்பு என மனதைத் தொடும் கதை வேண்டுமென்றால் ‘எ சைலன்ட் வாய்ஸ்’, ஏழு தொகுதிகள். துப்பறியும் அறிவியல் கதைக்கு உராசவா நவோகியின் ‘புளூட்டோ’, எட்டு. பரபரப்புக்கு ‘டெத் நோட்’, பன்னிரண்டு. டிராமாவிலிருந்து வருபவர்களுக்கு ‘ஆலிஸ் இன் பார்டர்லேண்ட்’ ஒன்பது புத்தகங்கள். படமே வேண்டாம் என்பவர்கள் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ நாவலோடு தொடங்கலாம்.

எதுவானாலும் முதலில் ஒரே ஒரு தொகுதி வாங்குங்கள். பிடித்திருந்தால் அடுத்த இரண்டை, அதே பதிப்பில், ஐஎஸ்பிஎன் எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். புத்தகங்களைச் சுவரோடு ஒட்டாமல், வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி அடுக்குங்கள். கடலோர ஊர்களின் ஈரத்தில் இந்தத் தாள் சீக்கிரம் அலையடித்துப் புள்ளி விழும், அதனால் ஒவ்வொரு தட்டிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று வைத்து, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள்.